புதிய கல்வியாண்டும் உயர்கல்வி தரும் நம்பிக்கையும்

பல்கலைக்கழகங்களிலே புதிய கல்வியாண்டு தொடங்கும் காலம் வந்துவிட்டால், இந்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் பெட்டியுஞ் சாமானுமாகப் பஸ் வண்டிகளிலும் புகைவண்டிகளிலும் புறப்படுகின்றனர். மன்னாரிலிருந்து ஒருவர் பேராதனைக்குச் செல்வார்; அட்டனிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வருவார்; கல்முனையிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் போவார். அவருட் பலர் தத்தம் குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பவர்கள். வழியனுப்ப வந்த பெற்றோரின் உள்ளத்திலே மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் நிற்கின்றது. மூன்று நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றபின் பிள்ளைக்கு வாழ வழி கிடைக்குமா என்பதே அக்கேள்வி. பட்டதாரிகள் வேலை கேட்டுத் தெருவிலே பந்தலிட்டு அமர்ந்திருந்த காட்சியைக் கண்ட ஒரு நாட்டிலே, இக்கேள்வியைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. ஆதலின், உயர்கல்வியின்மீது நம்பிக்கை வைத்தற்கு உண்மையான ஆதாரம் உண்டா, உண்டெனின் அது யாது என்பதை ஆராய்ந்து பார்த்தல் பொருத்தமாகும்.

முதலிலே நம்பிக்கை வேறு, எதிர்பார்ப்பு வேறு என்பதைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். இன்ன பட்டத்துக்கு இன்ன உத்தியோகம், இன்ன சம்பளம் என்று கணக்கிட்டு இருப்பது எதிர்பார்ப்பு. அது பிறர் கையிலே தங்கியிருப்பது. அரசாங்கத்தின் கொள்கை மாறினாலும், பொருளாதாரந் தளர்ந்தாலும் உடைந்து போவது. நம்பிக்கையோ, வரும் நிலைமை எதுவாயினும் அதனை எதிர்கொள்ளும் ஆற்றலைத் தேடிக்கொள்ளலாம் என்னுந் துணிவு. உழவன் விதைக்கும்போது மழைக்கு உத்தரவாதம் பெற்றுக்கொண்டு விதைப்பதில்லை. நிலத்தைப் பண்படுத்துகிறான், நல்ல விதையைத் தேர்கிறான், வரம்பைக் கட்டுகிறான். தன் கையில் உள்ளவற்றைச் செவ்வனே செய்தவனுக்கு மழையை எதிர்நோக்கி நிற்க உரிமை உண்டு. பல்கலைக்கழகக் கல்வியும் இத்தன்மையதே.

இந்த நம்பிக்கைக்கு முதல் ஆதாரம் இந்நாட்டின் கல்வி வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கையில் ஒரு பல்கலைக்கழகந்தானும் இருக்கவில்லை. மருத்துவக் கல்லூரியொன்று 1870ஆம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கி வந்தது. ஏனைய துறைகளிலே பட்டம் பெற விரும்புவோர் கடல் கடந்து செல்லல் வேண்டும். அல்லது வீட்டிலிருந்து படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றல் வேண்டும். 1906ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் ஒன்றுகூடி, இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் எனக் குரல் எழுப்புதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1921இல், கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் தானாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றதன்று. இலண்டன் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் நிலையமாகவே இருந்தது. மேலும் இருபத்தோராண்டுகள் சென்றபின், 1942ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. அதன் முதலாவது துணைவேந்தராகச் சேர் ஐவர் யெனிங்ஸ் பணியாற்றினார். 1952இல் கலைத்துறையினர் பேராதனைக்குச் சென்றனர். மகாவலி கங்கையின் கரையிலே, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உறைந்து கற்கும் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கேட்டவர்களின் கேள்விக்கு முழு விடை கிடைக்க முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. எனினும் விடை கிடைத்தது.

கட்டடம் எழுந்துவிட்டாற் போதாது; அதனுள்ளே யார் புகலாம் என்பது அதனினும் பெரிய வினா. கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த கல்விக்குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி வழங்கும் திட்டம் 1945ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஏழைப் பிள்ளைகளுக்கு அவற்றின் கதவைத் திறந்தது. எனினும் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலமே போதனா மொழியாக இருந்தமையால், தாய்மொழியிற் கற்ற கிராமத்துப் பிள்ளை வாயிலில் நின்று திரும்ப நேர்ந்தது. 1960ஆம் ஆண்டு முதல் கலைத்துறையிலே சிங்களத்திலும் தமிழிலும் பயின்ற மாணவர் அனுமதி பெற்றனர். கமக்காரன் மகனும், கடற்றொழிலாளி மகளும், சிறு கடைக்காரரின் பிள்ளையும் பட்டதாரியாகலாம் என்னும் நிலை இவ்வாறு படிப்படியாக வந்ததேயன்றி, ஒருநாளில் வந்ததன்று. அக்காலத்தில் பல்கலைக்கழகத்திலே சிறுபான்மையினராக இருந்த பெண்கள், இன்று அரைப்பங்குக்கு மேற்பட்டோராக இருக்கின்றனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

கல்வியின் வரலாறு இன்பமான செய்திகளை மட்டும் உடையதன்று. 1971ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோதும், அதனைத் தொடர்ந்து மாவட்ட ஒதுக்கீடு வந்தபோதும், நல்ல புள்ளி பெற்ற தமிழ் மாணவர் பலர் இடமின்றி ஏமாற்றமடைந்தனர். அவ்வேமாற்றம் ஒரு தலைமுறையின் உள்ளத்திலே ஆறாத வடுவாயிற்று. மறுபுறத்தில், ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு எவ்வாறு நீதி செய்வது என்னும் வினாவும் எழுந்தது. இவ்விரு வினாக்களுக்கும் இடையிலேதான் இன்றைய அனுமதி முறை அமைந்திருக்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளிலே நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமையின்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் மக்கட்தொகை வீதப்படியும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா, மன்னார், முல்லைத்தீவு முதலியன அப்பின்தங்கிய மாவட்டங்களுட் சில.

இசட் புள்ளி என்பது யாது எனப் பெற்றோர் பலர் வினவுவதுண்டு. பாடங்கள் யாவும் ஒரே அளவு கடினமானவை அல்ல. ஒரு பாடத்திலே தோற்றியவர் எல்லாரும் பெற்ற புள்ளிகளின் சராசரி 40 என்றும், மற்றொரு பாடத்திலே சராசரி 60 என்றும் கொள்வோம். இரண்டிலும் நியம விலகல், அஃதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து பரந்து நிற்கும் அளவு, 10 என்று கொள்வோம். ஒரு மாணவர் இரண்டிலும் 60 புள்ளிகளே பெற்றாலும், முதற்பாடத்திலே சராசரிக்கு 20 புள்ளிகள் மேலே நிற்கிறார். 20ஐப் பத்தால் வகுக்க 2 வருகிறது. இரண்டாம் பாடத்திலே அவர் சராசரியிலேயே நிற்கிறார்; அதற்குரியது பூச்சியம். இவ்வாறு மூன்று பாடங்களுக்குங் கணித்து எடுக்கும் சராசரியே இசட் புள்ளியாகும். 2001ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள இம்முறையினால், கடினமான பாடத்தைத் துணிந்து தேர்ந்தவர் அதன் காரணமாகத் தண்டிக்கப்படுவதில்லை. முறை எதுவாயினும் இடம் குறைவு என்னும் உண்மை மாறுவதில்லை. உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெறுவோருள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுகின்றனர். அந்த நால்வரில் ஒருவராக உள்ளே சென்றவர், வெளியே நிற்கும் மூவரை எண்ணிப் பார்த்துத் தம் காலத்தைப் பயன்படுத்தல் வேண்டும்.

தமிழர் வாழும் பகுதிகளிலே பல்கலைக்கழகங்கள் தோன்றிய வரலாறும் நம்பிக்கைக்கு மற்றோர் ஆதாரமாகும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி நிலத்திலேயே 1974ஆம் ஆண்டு ஒக்தோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவராக இருந்தார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் அமைந்தது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஒன்றுமில்லாதிருந்த நாட்டிலே இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ்ப் பதினேழு பல்கலைக்கழகங்கள் உள்ளன.

இவை அமைதியான காலத்தில் வளர்ந்தவையல்ல. 1987 முதல் 1989 வரை தெற்கிலே பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. அங்கிருந்து கொண்டு செல்லப்பட்டோர் பலர் திரும்பி வரவில்லை. 1995இல் யாழ்ப்பாண நகரத்தவர் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது அங்குள்ள பல்கலைக்கழகமும் இடம்பெயர நேர்ந்தது. 2020இல் கொள்ளைநோய் வந்து விரிவுரை மண்டபங்களை மூடிற்று. அதன் பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்புருவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 சனவரியிலுமே தொடங்கின. ஒவ்வொரு முறையும் மாணவரின் வயது வீணாகக் கழிந்தது. சிலர் படிப்பையே கைவிட்டனர். ஆயினும் ஒவ்வொரு முறையும் கதவுகள் மீண்டும் திறந்தன. விரிவுரையாளர் திரும்பி வந்தனர், நூலகத்தார் தூசி தட்டிப் புத்தகங்களை அடுக்கினர், பரீட்சைகள் நடந்தன. நிறுவனங்கள் மனிதரின் விடாமுயற்சியினாலேயே உயிர் வாழ்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளிலே தொழிலுக்குரிய பாதை ஓரளவு தெளிவாக உள்ளது. கலைப்பீடத்துக்குச் செல்லும் மாணவருக்கே ஐயம் மிகுதி. வரலாறு, புவியியல், தமிழ், மெய்யியல் ஆகியவற்றைக் கற்பதனால் என்ன பயன் என்று உறவினரும் அயலவரும் கேட்கின்றனர். பட்டம் மட்டுமே கையில் இருந்தால் அரசாங்க உத்தியோகம் தானாக வரும் என்று இருந்த காலம் கடந்துவிட்டது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அதிலிருந்து கலைக்கல்வி பயனற்றது என்னும் முடிவு பெறப்படாது. பயனின்மை பாடத்திலே இல்லை; அது கற்கும் முறையிலே உள்ளது.

பள்ளிக்கூடத்திலும் தனியார் வகுப்பிலும் மாணவர் பெரும்பாலும் பிறர் சொன்ன குறிப்பை எழுதி மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். அதே பழக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு செல்பவர் நான்கு ஆண்டுகளின் முடிவிலே ஒரு கட்டுக் குறிப்பும் ஒரு சான்றிதழுமே பெறுவார். பல்கலைக்கழகக் கல்வியின் இயல்பு வேறு. அங்கே ஒரு பொருளைப் பற்றி இரண்டு நூல்கள் இரண்டு விதமாகக் கூறும். எது சரி என்று சான்றுகளை வைத்து மாணவரே துணிதல் வேண்டும். 1948இல் மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிபோனமைக்குக் காரணம் யாது என ஒரு வினா எழுந்தால், ஒரு குறிப்பை ஒப்புவித்தல் போதாது. சட்டத்தைப் படித்தல் வேண்டும், அக்காலத்துப் பாராளுமன்ற விவாதங்களைப் பார்த்தல் வேண்டும், தோட்டத்திலே வாழ்ந்தோரின் நிலையை அறிதல் வேண்டும். இவ்வாறு தேடி, ஒப்பிட்டு, தெளிவாக எழுதி, பிறர் முன்னிலையிலே எடுத்துரைத்து, எதிர்க்கேள்விக்கு விடையளிக்கும் ஆற்றலே பட்டதாரியின் உண்மையான சொத்து. கந்தோரிலும், பத்திரிகையிலும், வங்கியிலும், பாடசாலையிலும், சொந்தத் தொழிலிலும் அவ்வாற்றலுக்கு மதிப்பு உண்டு.

ஆதலின் முதலாம் ஆண்டு மாணவர் சில பழக்கங்களை முதல் மாதத்திலேயே அமைத்துக்கொள்ளல் நன்று. நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் நூலகத்திலே இருத்தல். விரிவுரையிற் குறிப்பிடப்படும் நூல்களுள் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தல். படித்ததை அன்றே தம் சொந்த வாக்கியங்களில் ஒரு பக்கம் எழுதுதல். விளங்காததை விரிவுரையாளரிடம் கூச்சமின்றிக் கேட்டல் ஆகிய நான்கும் செலவில்லாதவை. ஐந்தாவது ஆங்கிலம். தாய்மொழியிற் கற்பது சிந்தனைக்கு வேர். ஆங்கிலமோ உலகின் நூல்களுக்குச் செல்லும் வழி. நாளுக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை வீதம் அகராதியின் துணையோடு படிப்பவர், ஓராண்டின் முடிவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் படித்திருப்பார். அதனோடு சிங்களமும் அறிந்தவருக்கு இந்நாட்டிலே திறக்காத கதவு குறைவு. கணினியைக் கையாளும் பயிற்சியும் இன்று எழுத்தறிவின் ஒரு பகுதியே.

பொருள் முடையினாற் கலங்கும் மாணவரும் உளர். அரச பல்கலைக்கழகங்களிலே முதற்பட்டக் கல்விக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும் உணவும் உறைவிடமும் போக்குவரத்தும் செலவு தருபவை. 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசிலும், அது கிடையாதோருக்கு வழங்கப்படும் உதவிப் பணமும் உள்ளன. அவை விலைவாசிக்கு ஈடாகாதனவாயினும், உரிய காலத்தில் விண்ணப்பித்துப் பெறவேண்டியவை. கேட்டுப் பெறுதல் இழிவு என்று நாணி ஒதுங்குதல் தகாது. அது வரி செலுத்தும் மக்கள் தம் பிள்ளைகளுக்கு அளிக்கும் உரிமை.

புதிய மாணவரை அச்சுறுத்தும் மற்றொன்று பகிடிவதை. விளையாட்டு என்னும் பெயரிலே நடைபெறும் இக்கொடுமையினாற் படிப்பைக் கைவிட்டோரும், உடலுறுப்பை இழந்தோரும், உயிரையே இழந்தோரும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கின்றது. தாம் பட்ட துன்பத்தை அடுத்து வருபவர் மீது சுமத்துவது பரம்பரையாகாது. தாம் பட்டதைத் தம்மோடு நிறுத்திவிடும் மூத்த மாணவரே பல்கலைக்கழகத்தின் பெருமையைக் காப்பவர். புதிய மாணவரும் துன்பம் நேர்ந்தவிடத்து மௌனமாக இராது, மாணவ ஆலோசகரிடமும் பெற்றோரிடமும் கூறல் வேண்டும்.

இடம் கிடையாத மாணவரைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடில் இப்பேச்சு முழுமை பெறாது. ஒரு புள்ளியின் சிறு பின்னத்தினாலே வாய்ப்பை இழந்தவர், தம் அறிவே மட்டமானது என்று முடிவு செய்தல் தவறு. திறந்த பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டு முதல் தொழில் செய்துகொண்டே கற்போருக்கு வழி அமைத்திருக்கின்றது. பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டநெறிகளும், கல்வியியற் கல்லூரிகளும், தொழில்நுட்பக் கல்லூரிகளும் உள்ளன. வெளிவாரியாகக் கற்றோர் உள்வாரியாகக் கற்றோருக்குத் தாழ்ந்தவராதல் வேண்டுமென்பதில்லை. காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இதற்கு மிகச் சிறந்த சான்றாவார். அவர் காலத்திலே இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே தாமாகப் படித்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானமும் இசையும் தமிழும் அவர் உள்ளத்திலே ஒன்றுசேர்ந்தமையாலேயே, 1947இல் வெளிவந்த யாழ்நூல் பிறக்க முடிந்தது. விரிவுரை மண்டபத்தில் அமர வாய்ப்பில்லாத ஒருவர், அம்மண்டபத்திலே நின்று பிறருக்கு விரிவுரை செய்தார்.

பெற்றோருக்கும் ஊரவருக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் "எப்போது வேலை கிடைக்கும்?" என்று மட்டும் கேட்பதை விடுத்து, "இம்முறை என்ன படித்தாய்?" என்றுங் கேட்டல் வேண்டும். தாயும் தந்தையும் அறியாத ஒரு பொருளைப் பிள்ளை அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துக் கூற முயலும்போது, அப்பிள்ளையின் அறிவு இருமடங்காகத் தெளிவடைகின்றது. படிப்பு வீட்டுக்கும் உரியதாகின்றது. பட்டம் பெற்றவர் தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு மணி நேரமாவது உதவினால், அடுத்த ஆண்டிலே அவ்வூரிலிருந்து இன்னும் ஒருவர் புறப்படுவார்.

1906ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டவருட் பெரும்பாலோர் அதன் முதல் நாளைக் காண உயிரோடிருக்கவில்லை. அருணாசலம் அவர்களே 1924இல் மறைந்தார். தாம் காணப்போவதில்லை என்று அறிந்தும் கேட்டதனாலேயே, இன்று ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் தன் பெயர் எழுதிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படியேறுகிறாள். அவள் ஏறும் படியைக் கட்டியவர்கள் பலர். அவள் அங்கே இருந்து கற்கப்போகும் நாட்களோ, விடுமுறை நீங்க, சில நூறே. அந்நாட்களை எண்ணிச் செலவிடுவாளாயின், அவள் பெற்றோரின் கேள்விக்கு நல்ல விடை அவளிடமிருந்தே வரும்.